உலை கொதித்த பிறகு சோளம் பறி

கேள்வி இது: "கணவருக்கு அயோவா மாநிலத்தில் சுமார் 4,000 பேர் வாழும் ஓர் ஊரில் மருத்துவமனை வேலை. ஜூனில் குடிபோகிறோம். மால் இல்லை, தமிழ்ச் சங்கம் இல்லை, பக்கத்து நகரத்துக்கே ஒன்றரை மணி நேரம். அங்கே பொழுது எப்படிப் போகும்?"

போகும். ஆனால் சென்னையிலோ சிகாகோவிலோ போவதுபோல, நினைத்த நேரத்தில் கிளம்பிப் போய்க் காசு கொடுத்து வாங்குகிற பொழுதுபோக்கு அங்கே இருக்காது. அயோவாவின் சிற்றூரில் நல்லது எதுவானாலும் அதற்கு ஒரு மாதம் உண்டு, ஒரு கிழமை உண்டு, பல சமயம் ஒரு மணிக்கணக்கும் உண்டு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருவே சந்தையாக இருக்கும். பத்து மணிக்குப் போனால் காலி மேசையை மடித்துக்கொண்டிருப்பார்கள். இது பிடிபடாதவர்கள் "இந்த ஊரில் ஒன்றுமே இல்லை" என்று முடிவுகட்டி, வாரக் கடைசியில் நகரத்துக்கு வண்டியை விட்டுவிடுகிறார்கள். விளம்பரமும் கண்ணில் படாது. அஞ்சலகச் சுவர், நூலக வாசல் பலகை, சர்ச் முன்னால் எழுத்தை மாற்றி மாற்றிச் செருகும் பலகை, பெட்ரோல் பங்க் கண்ணாடியில் ஒட்டிய தாள். ஊர்ச்செய்தி இந்த நான்கில் ஒன்றில்தான் வரும்.

ஜூனில் போகிறீர்கள் என்பதால் சோளத்திலிருந்து தொடங்கலாம். ஊருக்குள் நுழையும்போது சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும் மக்காச்சோளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அயோவாவில் ஏறக்குறைய 1.3 கோடி ஏக்கரில் விளைகிற அது கால்நடைத் தீவனத்துக்கும் எத்தனால் ஆலைக்கும் போகிற சோளம். கடித்தால் மாவுதான். தின்கிற ஸ்வீட் கார்ன் அதில் ஒரு துளி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை, பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி வைத்துச் சாலையோரத்தில் டஜன் கணக்கில் விற்பார்கள். டஜனுக்குப் பல இடங்களில் 13 கதிர் போடுவார்கள். ஆளே இல்லாமல் ஒரு மேசையும் காசுப்பெட்டியும் மட்டும் இருக்கும் கடைகளும் உண்டு. எழுதியிருக்கும் விலையைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில்லறை தர அங்கே ஆள் கிடையாது, ஆகவே காரில் ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்கள் எப்போதும் இருக்கட்டும்.

"உலை கொதித்த பிறகு சோளம் பறி" என்று அங்கே பழைய தலைமுறையினர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. கதிரை ஒடித்த நொடியிலிருந்து அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். பழைய ரகங்களில் ஒரு நாள் வெயில் சூட்டில் கிடந்தாலே சர்க்கரையில் பாதி போய்விடும். இந்தத் தொல்லைக்கு வழி இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1950களில் ஜான் லாஃப்னன் என்ற மரபியலாளர், சுருங்கிய விதையுடைய ஒரு சோளத்தில் சர்க்கரை பல மடங்கு இருப்பதைக் கவனித்தார். இன்று சூப்பர்ஸ்வீட் என்று விற்கும் எஸ்.எச்.2 ரகங்கள் அதன் வழி வந்தவை. குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருந்தாலும் இனிப்பு குறையாது. ஆனால் தோல் தடிப்பு, உள்ளே பால் குறைவு. சூப்பர்மார்க்கெட்டில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். சாலையோரக் கடையில் 'என்ன ரகம்' என்று கேளுங்கள். 'எஸ்.இ.' வகை என்றாலோ, வெள்ளையும் மஞ்சளும் கலந்த 'பீச்சஸ் அண்ட் க்ரீம்' மாதிரிப் பெயர் சொன்னாலோ வாங்கலாம். இனிப்பும் மென்மையும் சேர்ந்திருக்கும், அன்றே தின்றுவிட வேண்டும். காலையில் பறித்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. மாலை நான்கு மணிக்கு, வெயிலில் நின்ற வண்டியில் மிச்சம் கிடக்கும் சோளம் எந்த ரகமானாலும் வேண்டாம்.

கதிரை உரித்துப் பார்க்காதீர்கள். உரித்தது சீக்கிரம் காயும், அடுத்தவர் வாங்க மாட்டார், விற்பவர் முகம் சுளிப்பார். தோலுக்கு மேலேயே நுனியை விரலால் அழுத்தினால் மணிகள் நுனி வரை நிறைந்திருக்கின்றனவா என்று தெரியும். நார்க்குஞ்சம் பழுப்பாகக் காய்ந்தும், அதன் அடிப்பகுதி இன்னும் ஈரமாகவும் இருக்க வேண்டும். மேல்தோல் பச்சை மாறாமல் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு மணியை நகத்தால் குத்திப் பாருங்கள். பால் தெறித்தால் பருவம் சரி, தண்ணீர் வந்தால் இளசு, பசை மாதிரி வந்தால் முற்றல். நுனியில் புழு இருந்தால் இரண்டு செ.மீ. வெட்டி எறிந்தால் போதும். நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் 3 முதல் 5 நிமிடம். நம் ஊரில் மக்காச்சோளத்தை அரைமணி வேகவிடும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் மணியெல்லாம் ரப்பராகும். வெண்ணெய் தடவ ஊர்க்காரர்களின் வழி எளிது: ஒரு ரொட்டித் துண்டில் வெண்ணெயைத் தடவி, அதைக் கையில் பிடித்து அதற்குள் கதிரைச் சுழற்றுவார்கள். மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் உங்கள் விருப்பம். ஆனால் முதல் கதிரை வெறும் வெண்ணெய், உப்போடு தின்று பாருங்கள்.

மீந்தால் அன்றே உறைய வையுங்கள். முழுக்கதிரைக் கொதிநீரில் 4 நிமிடம், பிறகு ஐஸ் தண்ணீரில் அதே அளவாவது, உள் தண்டு வரை ஆறும்படி. அதன் பிறகு மணிகளைச் சீவிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி உறைபெட்டியில். கொதிநீரைத் தவிர்த்துப் பச்சையாக உறைய வைத்தால் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். டிசம்பரில் எடுக்கும்போது வைக்கோல் வாடை வரும்.

சாயங்காலத்துக்கு வருவோம். அங்குள்ள பழைய மர வீடுகளின் முன்னால் போர்ச் இருக்கும். நம் திண்ணைதான், கூரையும் கைப்பிடியும் போட்டது. அதில் ஊஞ்சல் மாட்டியிருந்தால் வாடகை வீட்டின் பாதிப் பெருமை அதுவே. நீங்களே மாட்டுவதாக இருந்தால் கவனிக்க வேண்டியது ஒன்று: மேலே தெரிகிற பலகை வெறும் மூடுபலகை. அதில் கொக்கியை முறுக்கினால் ஒரு மாதத்தில் ஊஞ்சலும் ஆளும் தரையில். பலகைக்கு மேலே ஓடும் குறுக்குச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டியோ ஸ்டட் ஃபைண்டர் கருவியாலோ கண்டுபிடியுங்கள். அது இரண்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலம் என்ற மர அளவுக்குக் குறையக் கூடாது. அரை அங்குலத் தடிமனும் குறைந்தது நான்கு அங்குல நீளமும் கொண்ட வளையத் திருகாணி வேண்டும். அதற்கு முன்பே சற்றுச் சிறிய துளை போடாவிட்டால் சட்டம் பிளக்கும். மேலே கொக்கிகளின் இடைவெளி ஊஞ்சலின் நீளத்தைவிட ஐந்து முதல் பத்து செ.மீ. கூடுதலாக இருந்தால் சங்கிலி கைப்பிடியில் உரசாது. இருக்கை தரையிலிருந்து சுமார் 45 செ.மீ.; முன்னும் பின்னும் 90 செ.மீ. காலியிடம். நம் வீட்டு ஊஞ்சல் பலகை மட்டமாகத் தொங்கும். இதற்கு முதுகுச் சாய்வு இருப்பதால் பின் சங்கிலியை ஒன்றிரண்டு கண்ணி நீளமாக விட வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்தவர் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பார்.

போர்ச்சில் உட்கார்ந்தால் ஊரோடு பேசத் தயார் என்று பொருள். தெருவில் போகிறவர் கையசைப்பார், நீங்களும் அசைக்க வேண்டும். ஊருக்கு வெளியே சாலையில் எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஆட்காட்டி விரலை மட்டும் உயர்த்துவார். அறிமுகம் தேவையில்லை, அதுதான் வணக்கம். திரும்ப உயர்த்தாதவர்தான் வெளியூர்.

ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை, சூரியன் விழுந்தபின் முக்கால் மணி நேரம் போர்ச் விளக்கை அணைத்துவிடுங்கள். புல்வெளிக்கு மேலே மின்மினிகள் எழும். அதிகம் தெரிவது ஃபோட்டினஸ் பைராலிஸ் என்ற இனம். ஆண் பறந்துகொண்டே ஏறக்குறைய ஆறு வினாடிக்கு ஒரு தடவை, கீழே இறங்கி மேலே ஏறும்போது ஒளிரும். காற்றில் தூண்டில் முள் வரைந்த மாதிரி இருக்கும். பெண் புல்நுனியில் உட்கார்ந்தபடி, ஆண் மின்னி இரண்டு வினாடி கழித்து ஒரே ஒரு மின்னல் கொடுக்கும். இந்த இரண்டு வினாடிதான் அவர்கள் மொழி. சிறிய டார்ச்சைத் தரையோடு தாழ்த்திப் பிடித்து, ஆண் மின்னியதும் 'ஒன்று, இரண்டு' எண்ணி அரை வினாடி மினுக்கச் சொல்லுங்கள் குழந்தைகளிடம். சரியாக வந்தால் அந்த ஆண் டார்ச்சை நோக்கி இறங்கிவரும். வெப்பம் கூடிய இரவில் இடைவெளி குறையும், குளிர்ந்தால் நீளும். ஆகவே முதலில் ஒரு ஐந்து நிமிடம் பார்த்துக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜாடியில் பிடிப்பதானால் உள்ளே ஈரக்காகிதம் ஒன்று, மூடியில் துளை, படுக்கப்போகுமுன் விடுதலை. தோட்டத்தில் மின்மினியே இல்லை என்றால், புல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைச் சந்தேகப்படுங்கள். அவற்றின் புழுக்கள் ஓரிரண்டு ஆண்டு மண்ணில் நத்தையும் மண்புழுவும் தின்று வளர்கின்றன. மருந்து முதலில் அங்கேதான் போய்ச் சேரும்.

அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று ஊர்வலம், தீயணைப்பு வண்டியிலிருந்து குழந்தைகளுக்கு மிட்டாய் வீச்சு, இரவு வாணவேடிக்கை. இவை எல்லாம் தாமே நடக்கும், நீங்கள் ஒரு நாற்காலி கொண்டுபோனால் போதும். உழைப்பும் ருசியும் இருப்பது கையால் சுற்றும் ஐஸ்கிரீமில். 1843இல் ஃபிலடெல்ஃபியாவின் நான்சி ஜான்சன் இந்தக் கைப்பிடி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அமைப்பு இன்றும் அப்படியே. மர வாளி, நடுவே உலோகக் குடுவை, இரண்டுக்கும் இடையில் ஐஸும் கல் உப்பும். நான்கு குவார்ட், அதாவது சுமார் 3.8 லிட்டர் குடுவைக்குப் பால் ஒரு லிட்டர், கெட்டி க்ரீம் ஒரு லிட்டர், சர்க்கரை 350 கிராம், மஞ்சள் கரு எட்டு, வனிலா ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பாலையும் கருவையும் சர்க்கரையோடு சேர்த்து மெல்லிய தீயில் 75 டிகிரி செல்சியஸ் வரை கிளறுங்கள். 71க்குக் கீழே நின்றால் முட்டை பத்திரமில்லை. 83, 84 தாண்டினால் திரிந்து முட்டைப் பொரியல் ஆகிவிடும். வடிகட்டி, க்ரீம் சேர்த்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில். வெதுவெதுப்பாக ஊற்றினால் வாளி ஐஸ் முழுவதும் அதை ஆற்றுவதிலேயே கரைந்துபோகும்.

குடுவையை மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், கடையும்போது காற்று ஏறி உப்பும். ஐஸ் எட்டுப் பங்குக்குக் கல் உப்பு ஒரு பங்கு, எடையில். மொத்தம் சுமார் 9 கிலோ ஐஸ், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் உப்பு. ஒரு கை உயரம் ஐஸ், மேலே ஒரு பிடி உப்பு என்று அடுக்குங்கள். உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே போயும் நீராகவே சுற்றிவரும், அந்த நீர்தான் குடுவையின் சூட்டை உறிஞ்சுகிறது. உப்புக் குறைந்தால் மணிக்கணக்கில் சுற்றினாலும் பாயசம்தான். கூடினால் ஓரம் மட்டும் சட்டென்று உறைந்து, நடுவில் தண்ணீர், வாயில் மணல் மாதிரி பனிக்கட்டி. முதல் சில நிமிடம் மெதுவாக, பிடி கனக்கத் தொடங்கியபின் வேகமாக, மொத்தம் 20 முதல் 30 நிமிடம். வாளியின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதை ஐஸ் அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பதற்கென்றே ஒரு பையனை உட்கார வையுங்கள். அடைத்தால் உப்புநீர் உயர்ந்து மூடி வழியாக உள்ளே இறங்கும். அதன் பிறகு அந்த ஐஸ்கிரீமை நாய்கூடத் தொடாது. இனிச் சுற்ற முடியாது என்ற நிலையில் மத்தை எடுத்துவிட்டு, குடுவையை மூடி, மறுபடி ஐஸும் கூடுதல் உப்பும் வைத்துச் சாக்கால் போர்த்தி ஒரு மணி நேரம் விடுங்கள். இதைப் பொறுக்க முடியாமல் அப்போதே திறக்கிற வீடுகள்தான் அதிகம், அது மென்மையாக இருக்கும்போது தின்பதிலும் தப்பில்லை.

வீட்டுப் பழைய பொருட்களைக் கார்க் கொட்டகையில் மேசை போட்டு விற்பதுதான் கராஜ் சேல். அதன் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. வியாழன் மாலையோ வெள்ளி காலையோ தொடங்கும். ஆண்டில் ஒரு வாரக் கடைசியில் ஊர் முழுக்கச் சேர்ந்து நடத்துவதும் உண்டு. ஏழு மணிக்குப் பலகை வைத்திருந்தால் ஏழுக்கே போங்கள், ஆறரைக்குக் கதவைத் தட்டாதீர்கள். பேரம் பேசலாம், ஐம்பது காசுப் பொருளுக்குப் பேசுவது அழகல்ல. தமிழ் வீட்டுக்கு அங்கே கிடைக்கக்கூடிய பெரிய பரிசு பழைய வார்ப்பிரும்புக் கல். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் செய்த க்ரிஸ்வோல்ட், ஒஹையோவின் சிட்னி ஊரில் செய்த வாக்னர் என்று அடிப்பக்கம் பெயர் இருக்கும். ஈரி ஆலை 1957இல் நின்றுபோனது. அந்தக் காலத்தில் வார்த்த பிறகு மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். இப்போது வருகிற பலவற்றில் மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே இருப்பதால், முதல் பத்துத் தோசை அழும். வட்டமான, விளிம்பு தாழ்ந்த, பிடி வைத்த 'கிரிடில்' கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். மேலே 8, 9 என்று எண் இருக்கும். அது அங்குலமல்ல, பழைய விறகடுப்பின் வட்டத்துக்கான எண்.

எடுக்குமுன் மூன்று சோதனை. சமமான மேசையில் வைத்துச் சுழற்றுங்கள். பம்பரமாகச் சுற்றினால் அடி வளைந்திருக்கிறது. பிடியைத் தூக்கி விரல்முட்டியால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும்; 'டொக்' என்றால் எங்கோ விரிசல். துரு பரவாயில்லை, குழிவிழுந்த துரு வேண்டாம். மூன்றாவது, மீன்பிடித் தூண்டிலுக்கு ஈயம் உருக்கவும் சிலர் இந்தச் சட்டிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சியால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிடுங்கள். பழைய கரியை நீக்க, காரம் கலந்த அடுப்புச் சுத்தநுரையை அடித்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் விடலாம். கையுறை கட்டாயம், அலுமினியப் பாத்திரத்தில் இந்த வேலை ஆகாது. பிறகு ஸ்டீல் கம்பளியால் தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்துவிட்டு, ஓவனில் கவிழ்த்து 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், உள்ளேயே ஆறட்டும். இப்படி மூன்று, நான்கு தடவை. கல் பிசுபிசுக்கிறது என்று புலம்புகிறவர்கள் எல்லோருமே எண்ணெயைத் துடைக்காமல் விட்டவர்கள்தான்.

அதே மேசைகளில் 'காப்புரிமை நவம்பர் 30, 1858' என்று புடைப்பெழுத்துள்ள நீலக் கண்ணாடி ஜாடியைக் காட்டி 160 ஆண்டுப் பழமை என்பார்கள். அது ஜான் மேசன் காப்புரிமை பெற்ற நாள். அந்த வரியை அதற்குப் பின்னும் பல பத்தாண்டு லட்சக்கணக்கான ஜாடிகளில் அச்சடித்தார்கள். பிடித்திருந்தால் பூ வைக்க வாங்குங்கள், பழமைக்கு விலை கொடுக்காதீர்கள்.

ஜூலையில் கவுன்ட்டி ஃபேர் வரும். ராட்டினமும் எண்ணெய்ப் பலகாரமும் எந்தப் பொருட்காட்சியிலும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது தொழுவங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆண்டு முழுக்க வளர்த்த கன்றையும் பன்றிக்குட்டியையும் குளிப்பாட்டிச் சீவி நடுவர் முன் நடத்திக் காட்டுவார்கள். இதை நடத்தும் 4-எச் மன்றங்கள் 1902இல் ஒஹையோவின் கிளார்க் கவுன்ட்டியில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கியதிலிருந்து வந்தவை. விவசாயம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் சேரலாம், சமையல், தையல், புகைப்படம், ராக்கெட் எல்லாம் உண்டு. பெரியவர்களுக்கு 'ஓப்பன் கிளாஸ்' போட்டி. அதற்கான கையேட்டை ஜூனிலேயே எடுத்துவிடுங்கள், பதிவு வாரக்கணக்கில் முன்பே முடிந்துவிடும். காய்கறித் தட்டில் ஐந்து தக்காளி என்றால் ஐந்தும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே பதத்தில் பழுத்தவையாக இருக்க வேண்டும். பெரிய காய்க்குப் பரிசு என்று நினைத்து நான்கு நடுத்தரத்தோடு ஒரு பூசணி அளவுத் தக்காளியை வைப்பதுதான் புதியவர் செய்யும் தப்பு. பச்சைமிளகாய் நன்றாக வளர்ப்பவர் காம்போடு ஐந்து தேர்ந்து வைத்தால் அந்தக் கூட்டத்தில் போட்டியே குறைவு.

ஊறுகாயில் பரிசு வாங்கிவிடலாம் என்று நம் ஆட்களுக்கு ஓர் ஆசை வரும். எச்சரிக்கை: நல்லெண்ணெயில் மிதக்கும் நம் ஊறுகாயைப் பல ஃபேர்களில் மேசைக்கே எடுக்க மாட்டார்கள். காற்றுப்புகாமல் மூடிய ஜாடியில் அமிலம் போதாவிட்டால் பாட்டுலிசம் நச்சு உருவாகும் என்பதால், விவசாயத் துறை சோதித்த செய்முறைக்குத்தான் அனுமதி. ஐந்து சதவீத அமில வினிகர், மேலே அரை அங்குலக் காலியிடம், கொதிநீரில் குறித்த நிமிடம், ஜாடியின் மேல் தேதியும் முறையும் எழுதிய சீட்டு. வெள்ளரி வட்டங்கள் ஒரே தடிமனில், ஜாடிக்குள் குமிழி இல்லாமல் இருக்க வேண்டும். முதல் பரிசான நீல ரிப்பனுக்குப் பணம் சில டாலர்தான். அந்த ரிப்பனுக்காக ஒரே குடும்பத்து மாமியாரும் மருமகளும் தனித்தனி ஜாடி வைப்பது உண்டு.

ஊர் நடுவில் ஒரு டைனர் இருக்கும். காலை ஆறு மணிக்கு மூலை மேசையில் ஓய்வுபெற்ற விவசாயிகள் காபியோடு மழையளவு பேசுவார்கள், பில்லை யார் கட்டுவது என்று பகடை உருட்டுவார்கள். அந்த மேசையில் போய் உட்கார வேண்டாம், பக்கத்து மேசையில் உட்காருங்கள். காபி கோப்பை காலியாகும்முன் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், அதற்குத் தனிக் காசில்லை. போதும் என்றால் கோப்பையின் மேல் கையை வையுங்கள். முட்டை எப்படி என்று கேட்பார்கள். திருப்பாமல் மஞ்சள் கரு தெரிந்தால் சன்னி சைடு அப், திருப்பியும் கரு இளகலாக இருந்தால் ஓவர் ஈசி, முழுக்க வெந்தது ஓவர் ஹார்ட். சைவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. உருளைக்கிழங்கு வறுவல் பன்றிக்கொழுப்பு ஓடிய அதே தகட்டில் வேகும், பீன்ஸில் பேக்கன் இருக்கும், பை மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு. ஜெல்லோவிலும் மார்ஷ்மெல்லோவிலும் விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலட்டின். ஊர் விருந்தில் 'சாலட்' என்ற பெயரில் பச்சை நிறத்தில் ஆடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த ஜெல்லோதான். அந்தப் பொதுவிருந்துக்கு நீங்கள் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோகலாம், காரம் பாதி. பாத்திரத்தின் அடியில் பெயரெழுதிய ஒட்டுத்தாள் இல்லாவிட்டால் அது ஊர் சுற்றி அடுத்த மாதம் வரும்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து வெள்ளி இரவு ஏழு மணிக்கு உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால், நம் கால்பந்து அல்ல, அமெரிக்க ஆட்டம். விதி புரிய வேண்டிய அவசியமில்லை, ஊரே அங்கே இருக்கும். பிள்ளைகள் குறைந்த பள்ளிகள் 11 பேருக்குப் பதில் எட்டுப் பேரை வைத்து ஆடும். பக்கத்து நெப்ராஸ்காவில் 1934இல் ஸ்டீஃபன் எப்லர் என்ற பயிற்சியாளர் ஆறு பேர் ஆட்டத்தையே உருவாக்கினார். அலுமினியப் படிக்கட்டு அக்டோபரில் ஐஸ் மாதிரி, மடித்த கம்பளி கொண்டுபோங்கள். சோளச் சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து, மேலே மசாலா இறைச்சியோ பீன்ஸோ போட்டுக் கரண்டியோடு தரும் 'வாக்கிங் டாக்கோ' வாங்கினால் அந்தக் காசு பள்ளி பேண்டு வாத்தியக் குழுவுக்குப் போகும்.

நூலகத்தில் முதல் வாரமே அட்டை எடுங்கள், முகவரிச் சான்று இருந்தால் இலவசம். கட்டடம் தூண்களோடு மிடுக்காக இருந்தால் அது ஆண்ட்ரூ கார்னகி பணத்தில் எழுந்த 1,600க்கு மேற்பட்ட அமெரிக்க நூலகங்களில் ஒன்றாக இருக்கலாம். நிலம் ஊர் தர வேண்டும், கொடையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே செலவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. பிற நூலகங்களிலிருந்து வரவழைக்கும் வசதியில் தமிழ்ப் புத்தகமும் கேட்டுப் பார்க்கலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பெரிய தமிழ்த் தொகுப்பு இருக்கிறது, வருவதற்குச் சில வாரம் பிடிக்கும். இன்னொன்று, நண்பகலில் ஊர்ச் சங்கு ஊதினால் பயப்படாதீர்கள், பழைய ஆலைச் சங்கு மாதிரி நேரம் சொல்கிறது. வானம் கறுத்த நேரத்தில் நிற்காமல் ஊதினால் அது சூறாவளி. வேடிக்கை பார்க்காமல் நிலவறைக்கு இறங்குங்கள்.

குளிர்காலம் நீளம். பிப்ரவரி, மார்ச்சில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்க ஆலய மண்டபத்தில் மீன் வறுவல். ஐந்து மணிக்குத் திறந்தால் ஆறு மணிக்கு வரிசை வாசல் தாண்டும். ஏப்ரல் கடைசியில், கருவாலியின் தளிர் அணில் காது அளவு வந்ததும், ஊரில் பாதிப் பேர் வார்த்தை சொல்லாமல் காட்டுக்குப் போவார்கள். மொரெல் காளான். பட்டுப்போன எல்ம் மரத்தடியில் தேடுவார்கள், இடத்தைச் சொந்தத் தம்பிக்கும் சொல்ல மாட்டார்கள். நீளவாக்கில் வெட்டினால் நுனி முதல் அடி வரை ஒரே வெற்றுக் குழல். உள்ளே பஞ்சுபோல் அடைத்திருந்தால் அது நச்சுக்காளான். முதல் ஆண்டு தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் எதையும் சட்டியில் போடாதீர்கள். நல்ல மொரெலையும் பச்சையாகத் தின்னக் கூடாது.

ஜனவரியில் விதைப் பட்டியல்கள் தபாலில் வரும். அயோவாவிலேயே டெகோரா ஊரில் இருக்கும் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்' 1975 முதல் பழைய ரக விதைகளைக் காத்துவருகிறது. அங்கிருந்தும் வாங்கலாம். கொல்லையில் சோளம் போடுவதென்றால் மே மாதம் மண் 16 டிகிரி செல்சியஸ் தொட்டபின் போடுங்கள், சூப்பர்ஸ்வீட்டுக்கு 18. வேலியோரம் ஒரே வரிசையாக நடாமல், நான்கு வரிசைக்குக் குறையாமல் சதுரமாக நட வேண்டும். மகரந்தம் காற்றில்தான் வருகிறது, ஒவ்வொரு நாரும் ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் விழாத நாருக்கு மணி இல்லை, கதிர் பல்விழுந்த கிழவர் வாய் மாதிரி இருக்கும். கதிரில் நார்க்குஞ்சம் வந்து சுமார் இருபதாம் நாள் பால் பருவம். நீங்கள் நாளைக்குப் பறிக்கலாம் என்று தீர்மானித்த இரவில் ரக்கூன் என்ற இராவிலங்கு வரும். பால் பருவத்தை அது உங்களைவிட நன்றாக அறியும். தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் ஒன்று, 30 செ.மீ.யில் ஒன்று என இரண்டு மின்கம்பி, அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே கட்டிவிடுங்கள். ருசி கண்ட பிறகு கட்டினால் கம்பியைச் சுற்றி வழி கண்டுபிடிக்கும்.